முதுகுக்கு ஒரு கை

மார்ச் 4

"டீச்சர், ஒரு ட்யூப் உங்களுக்கு எத்தனை நாள் வருது?"

நேற்று தோல் டாக்டர் கேட்ட கேள்வி. ஒன்பது நாள், மிஞ்சினால் பத்து என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பக்கத்துப் பையன் தாளைப் பார்த்து விடை எழுதிய பிள்ளையை நான் முப்பத்தைந்து வருஷம் பார்த்த அதே பார்வை.

"சுவத்துக்கு சுண்ணாம்பா அடிக்கிறீங்க? இது வீரியமான ஸ்டீராய்டு, டீச்சர். ஒன்பது நாள்ல தீரவே தீராது."

முதல் நாள் பாடத்தை மறுபடி நடத்தினார். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடு பிதுக்க வேண்டும். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும். தடிப்பின் மேல் மட்டும், மெல்லிசாக, நாளுக்கு ஒரு முறை. முகத்தில் கூடாது, அக்குளில் கூடாது, இடுக்குகளில் கூடாது. நாமாகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. அவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். தடவிய கையைக் கழுவிவிட வேண்டும்.

எல்லாம் எனக்கு மனப்பாடம். அப்புறம் ஏன் ஒன்பது நாளில் தீர்கிறது?

மார்ச் 5

இரண்டு முழங்கைக்கும் சேர்த்து ஒரு விரல்நுனி. இரண்டு முழங்காலுக்கும் ஒன்று. முதுகின் அடிப்பாகத்துக்கு ஒன்று. அங்கே கை சரியாக எட்டாது, எட்டிய மட்டும். ஒரு விரல்நுனி அரை கிராம் என்றால் நாளுக்கு ஒன்றரை கிராம். முப்பது கிராம் ட்யூப் இருபது நாள் வர வேண்டும்.

ஒருவேளை தடவியதை மறந்து மறுபடி தடவுகிறேனோ? அறுபத்து நாலு வயது. புத்தி போக ஆரம்பித்தால் முதலில் தெரிவது போகிறவளுக்கு இல்லையாம்.

தங்கச்சியிடம் கேட்டேன். "தோலு போச்சு, இப்ப மூளையும் உதிருதா?" என்றாள். கத்தரியைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

இது அவள் வீடு. முன்னறை அவளுடைய பியூட்டி பார்லர். நடுவில் ஒரு பச்சைத் திரை. பின்னறை எனக்கு. காலை பத்து முதல் மாலை ஏழு வரை நான் திரையைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். வருகிறவர்கள் முகம் கழுவுகிற குளியலறை நடுவில் இருப்பதால், அவர்கள் போகும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தவறி எதிரே வந்துவிட்டால், "மாவு மில்லு வந்தாச்சு" என்பாள், என் தோல் மாவாக உதிர்வதைச் சொல்லி, தமாஷ் போல. வந்தவர்களும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். சிரிக்காவிட்டால் இன்னும் அசிங்கம்.

மார்ச் 13

நேற்று தடவி முடித்ததும் புது ட்யூபின் பின்பக்க மடிப்பில் பென்சிலால் கோடு போட்டிருந்தேன். இன்று நான் கை வைப்பதற்கு முன்பே மடிப்பு அந்தக் கோட்டைத் தாண்டி இரண்டு சுற்று போயிருக்கிறது. புத்தி என்னிடம்தான் இருக்கிறது.

மார்ச் 19

மருந்துக்கடைக்காரர் ட்யூபை எடுக்கக் கை நீட்டியவர், நிறுத்திவிட்டுச் சொன்னார். "போன வாரம்தானே டீச்சர் உங்க தங்கச்சி ஆறு ட்யூப் வாங்கிட்டுப் போனாங்க? அதுக்கு முந்தின மாசமும் ஆறு. உங்க சீட்டோட ஜெராக்ஸ் அவங்ககிட்ட இருக்கே."

"ஆமாமா, மறந்துட்டேன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வீட்டு மானம் என்று ஒன்று இருக்கிறதே, அது நாக்கில்தான் குடியிருக்கும் போல.

மார்ச் 20

கடைசி ஆள் போனதும் திரையைத் தாண்டினேன். கண்ணாடிக்குக் கீழ் இழுப்பறையில் சின்னச் சின்ன வெள்ளை டப்பாக்கள், ரோஸ் மூடி. மேலே ஒரு எழுத்து கிடையாது. ஒன்றைத் திறந்து முகர்ந்தேன். மேலாக ரோஜா வாசனை. அடியில், ஆறு வருஷமாக என் விரலில் இருக்கும் அந்த மெழுகு வாசனை. எனக்குத் தெரியாதா?

"என்னடி இது?"

"ஸ்பெஷல் க்ரீம்." தரையில் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"என் மருந்தைக் கலந்திருக்க. வாங்கினது பத்தாம என் ட்யூப்லயும் எடுத்திருக்க."

"நீதானே காட்டின? 'பாருடி, எப்படி வெளுத்துருக்கு'ன்னு கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினது யாரு?"

நான்தான். டிசம்பரில் முழங்கைத் தடிப்பு அடங்கிய சந்தோஷத்தில் காட்டினேன். உதாரணம் வேறு சொன்னேன். இந்த மருந்து வகுப்பில் பிரம்பு மாதிரி; மேசையில் ஒரு தட்டு தட்டினால் சத்தம் அடங்கும்; நாள் முழுக்கத் தட்டிக்கொண்டே இருந்தால், பிரம்பைக் கீழே வைத்த நிமிஷம் வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடும். அவள் உதாரணத்தைக் கேட்கவில்லை. வெளுத்ததை மட்டும் பார்த்திருக்கிறாள்.

"முகத்துல போடவே கூடாதுடி. மொதல்ல பளபளன்னு இருக்கும். அப்புறம் தோலு மெலிஞ்சு, ரத்தக்குழாய் தெரியும். பரு வெடிக்கும். மீசை கூட மொளைக்கும்டி."

"மீசை மொளைச்சா நூல் போட்டு எடுக்கிறதும் நான்தானே? அதுவும் நல்லதுதான்."

"நாளைக்கே எல்லார்கிட்டயும் சொல்லிடுவேன்."

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "சொல்லு. சொல்லிட்டு எங்க போவ? ரெண்டு தெரு ஏறி இறங்கி வீடு கேட்டப்ப என்ன சொன்னாங்க? கையைப் பார்த்துட்டுக் கதவை மூடினாங்கல்ல? மாவு மில்லுக்கு எவ வாடகைக்குக் குடுப்பா?"

பின்னறைக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் அவளே வந்தாள். கையில் ட்யூப்.

"திரும்பு."

முதுகுத் துணியை விலக்கினாள். அவள் விரல் பட்டது.

"என்னக்கா இது, இப்படி வெடிச்சுக் கிடக்கு? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

வீட்டுக்காரர் போய் ஒன்பது வருஷம். அதற்குப் பிறகு என் முதுகில் ஒரு மனிதக் கை பட்டது இன்றுதான். தொழில் தெரிந்த கை. அழுத்தாமல், இழுக்காமல், மெல்லிசாக. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

எழுதவே வெட்கமாக இருக்கிறது. டப்பாவைப் பற்றி எடுத்த பேச்சை அங்கேயே விட்டுவிட்டேன்.

மார்ச் 21

இன்றும் தடவினாள்.

ஏப்ரல் 2

சட்டம் தளர்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் முன்னறை மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எனக்கு. நானும் மனுஷி மாதிரி உட்கார்ந்து, வருகிறவர்கள் பேசுவதைக் கேட்கிறேன்.

அடுத்த தெரு வங்கியில் பணம் எண்ணும் கவுன்ட்டரில் இருக்கும் பெண்ணைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கேஷியர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவது. முப்பது வயதிருக்கும். புது வருஷத்திலிருந்து டப்பா வாங்குகிறாள். "ஆபீஸ்ல எல்லாரும் என்ன ரகசியம்னு கேக்கறாங்க டீச்சர்" என்று கன்னத்தைக் காட்டினாள். மெழுகு மாதிரி மினுங்குகிறது. மூக்கோரத்தில் மட்டும் நூல் நூலாகச் சிவப்பு.

எனக்கு அந்த நூல் தெரிந்தது. தங்கச்சி கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லா இருக்கும்மா" என்றேன்.

ஏப்ரல் 16

கேஷியர் முகத்தில் பரு. வாயைச் சுற்றிச் சிவப்பாக, பொரிப்பொரியாக. "ரெண்டு நாள் போடலைன்னா எரியுது, போட்டா அடங்குது" என்கிறாள். தங்கச்சி, "அப்ப விடாம போடு" என்று ஒன்றுக்கு இரண்டாக டப்பா கொடுத்தாள்.

எனக்கு முழங்கை, முழங்கால் எல்லாம் நன்றாக இருக்கிறது. முதுகு பட்டுப் போல என்று போன வாரம் டாக்டரே சொன்னார். "யாரு தடவறாங்க?" என்று கேட்டார். "தங்கச்சி" என்றேன், பெருமையாக. இனி ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதுமாம். வீட்டுக்கு வந்து அதை அவளிடம் சொல்லவில்லை. தினம் தடவுகிறாளே, அதில் பாதி போய்விடுமே. மறுநாள் சொன்னேன். நடுவில் உள்ள நாளில் வாசனையில்லாத வாஸ்லின் தடவிவிடு என்று கேட்டேன். தடவுகிறாள்.

இது லஞ்சம் இல்லை என்று யாராவது எனக்கு நிரூபித்தால் தேவலை.

ஏப்ரல் 22

கேஷியரிடம் சொல்லப் போகிறேன். இந்த வாரம்.

ஏப்ரல் 29

கேஷியர் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு வந்தாள். எடுத்தாள். கன்னம் இரண்டும் வெந்த மாதிரி. மேலுதட்டில் கருகருவென்று முடி. கவுன்ட்டரிலிருந்து அவளை ஃபைல் அறைக்கு மாற்றிவிட்டார்களாம். பணம் வாங்க வந்த ஒருவர், "வேற யாராவது எண்ணிக் குடுங்க" என்று நோட்டைத் திருப்பித் தள்ளினாராம்.

அவள் பார்வை என் முழங்கையில் விழுந்தது. தடிப்பு இருந்த இடத்தின் வெளுத்த வட்டத்தில் நின்றது.

"டீச்சர்... உங்களுக்கு இருந்தது எனக்கு ஒட்டிக்கிச்சோ?"

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கச்சி முந்திக்கொண்டாள். "நானே சொல்லணும்னு இருந்தேன். அந்த மூலை நாற்காலியில நீ உக்காந்தியா? அய்யோ, அதுல அக்கா உக்காருவாளே! நான் எத்தனை தடவை சொல்றேன், உள்ளயே இருன்னு? கேட்டாத்தானே?"

கேஷியர் எழுந்துவிட்டாள். பின்னால் நகர்ந்து நகர்ந்து கதவு வரை போனாள்.

இது ஒட்டுகிற நோயே இல்லை. பதினாலு வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தொட்டால் ஒட்டாது, உட்கார்ந்தால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. இன்று அதைச் சொல்லாமலே உள்ளே வந்துவிட்டேன்.

சாயங்காலம் தங்கச்சி வழக்கத்தைவிட அதிக நேரம் தடவினாள். "கோச்சுக்காதக்கா, வாய்ல வந்துடுச்சு" என்றாள். நான் முதுகை விலக்கிக்கொள்ளவில்லை. அட வெட்கங்கெட்டவளே. விலக்கிக்கொள்ளவில்லையே.

ஏப்ரல் 30

வங்கிக்குப் போனேன். ஃபைல் அறையில் ஜன்னல் கிடையாது. கேஷியர் எனக்கு நாற்காலி காட்டினாள். தான் அலமாரியோடு ஒட்டி நின்றுகொண்டாள்.

எல்லாம் சொன்னேன். டப்பாவில் என்ன இருக்கிறது, அது யாருக்கு எழுதிய மருந்து, முகத்தை என்ன செய்யும். பிரம்பு உதாரணம்கூடச் சொன்னேன், பழக்க தோஷம். "நீயா கண்டபடி நிறுத்தாதேம்மா, எரிஞ்சு தள்ளிடும். டப்பாவை எடுத்துட்டு இன்னிக்கே தோல் டாக்டர்கிட்ட போ. எப்படி நிறுத்தணும்னு அவங்க சொல்வாங்க. மாசக்கணக்குல ஆகும், ஆனா அடங்கும்" என்றேன். டாக்டர் பெயரைச் சீட்டில் எழுதி நீட்டினேன். வாங்கவில்லை. மேசையில் வைத்தேன்.

மேசையில் இருந்த சீட்டைப் பார்த்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"உங்களுக்கு எப்ப இருந்து தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். "நேத்துதான்" என்றால் போதும்.

"நாற்பத்தோரு நாளா" என்றேன்.

"நாற்பத்தோரு நாள்." திருப்பிச் சொன்னாள், நோட்டு எண்ணுகிற குரலில். "அதுல எத்தனை தடவை டீச்சர் என் மூஞ்சியைப் பார்த்து நல்லா இருக்கும்மான்னு சொன்னீங்க?"

நான் எழுந்தேன். கதவைத் தாண்டுவதற்குள் அவள் குரல் கேட்டது, துப்புரவு செய்கிறவரிடம்: "அண்ணா, இந்த நாற்காலியைக் கொஞ்சம் பினாயில் போட்டுத் துடைச்சிடுங்க."

திரும்பிப் பார்க்கவில்லை.

மே 1

கேஷியர் தன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்து தெருவே கூடும்படி கத்திவிட்டுப் போனாள். டப்பாவை வாசலில் போட்டு மிதித்தாள்.

தங்கச்சி என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அழவும் இல்லை. ட்யூபைக் கொண்டுவந்து என் கட்டிலில் போட்டாள்.

"இனிமே உன் முதுகை அந்த கேஷியரே வந்து தடவட்டும்."

மே 9

திரை இருந்த இடத்தில் இப்போது மர அலமாரி. எனக்குப் பின்சந்து வழி. குளியலறைக்கும் வெளியே சுற்றித்தான் போக வேண்டும். "அக்கா" என்று கூப்பிடுவதில்லை. "மாவு மில்லு" என்றுகூட இல்லை.

மே 20

முதுகில் திரும்பவும் தடிப்பு ஏறுகிறது. டாக்டர் ஒரு வழி சொன்னார். நீளக் கரண்டியின் பின்பக்கத்தில் மருந்தைத் தடவி, கண்ணாடியைப் பார்த்துப் போடுவது. போட்டேன். பாதி இடத்துக்குத்தான் எட்டுகிறது. எவர்சில்வர் சில்லென்று இருக்கிறது.

மே 27

மருந்துக்கடையில் கேஷியரைப் பார்த்தேன். சிவப்பு கொஞ்சம் இறங்கியிருக்கிறது. டாக்டரிடம் போகிறாள் போல. நல்லது. என்னைக் கண்டதும் வரிசையை விட்டு வெளியே போய் வெயிலில் நின்றாள், நான் வாங்கிவிட்டுப் போகும்வரை.

ஜூன் 6

ஐந்து வாரம் காலியாகக் கிடந்த முன்னறையில் மறுபடி பேச்சுச் சத்தம். சந்திலிருந்து எட்டிப் பார்த்தேன். டப்பாவுக்கு இப்போது நீல மூடி. யாரோ ஒருத்தி சொல்கிறாள்: "ஒரு வாரத்துலயே பளிச்சுன்னு ஆயிட்டேன்க்கா!" தங்கச்சி சிரிக்கிறாள். நல்ல சிரிப்பு அவளுக்கு, சின்ன வயதிலிருந்தே.

வருகிறவர்கள் செருப்பை வாசல் படியில் விட்டுவிட்டு உள்ளே போவார்கள். இன்று ஏழு ஜோடி. பழைய கணக்கு நோட்டிலிருந்து தாள் கிழித்து, பலகையில் எழுதுகிற குண்டு எழுத்தில், ஏழு சீட்டு எழுதினேன். சந்து வழியாகச் சுற்றிப் போய், குனிந்து, ஒவ்வொரு செருப்பிலும் ஒன்று செருகினேன். நிமிரும்போது முதுகுத் தடிப்பு வெடித்து ரவிக்கை நனைந்தது. ஜன்னலில் தங்கச்சி நின்றிருந்தாள். பார்த்துவிட்டாள். நானும் அவளைப் பார்த்தேன். எட்டாவது ஜோடி அவளுடையது. அதில் ஒன்றும் வைக்கவில்லை, அவளுக்குத் தெரியும்.

நாளைக்கு என் கட்டில் எங்கே கிடக்குமோ தெரியாது. சீட்டில் எழுதியது இவ்வளவுதான்:

முகத்துக்குப் போடும் டப்பாவை இன்று திருப்பிப் பாருங்கள். உள்ளே என்ன மருந்து என்று அச்சடித்திருக்காவிட்டால், அந்த டப்பாவோடு தோல் டாக்டரிடம் போங்கள்.