ஐந்து புள்ளிகள்

அன்புள்ள மச்சானுக்கு,

கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பதறாதீர்கள். நான் சொல்லச் சொல்ல இங்குள்ள நர்ஸ் எழுதுகிறார்.

மீமிசல் பஸ் ஸ்டாண்டில் எனக்கு பிளெக்ஸ் வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். நாட்டுக்காக ரக்பி ஆடியவள் என்று போட்டிருக்கிறார்களாம். வேலைக்கு லீவு போட்டுவிட்டு வெளிநாடு போய் ஆடிய நாங்கள் எல்லா ஆட்டத்திலும் தோற்றோம், மச்சான். கடைசி ஆட்டத்தில் நாலைந்து பேர் மொத்தமாக என் மேல் விழுந்தார்கள். அவர்களுக்கடியில் கிடந்தபடி நான் தள்ளிவிட்ட பந்தை எடுத்துக்கொண்டுதான் எங்கள் கேப்டன் இளமதி ஓடிப்போய் எதிரணியின் கோட்டைத் தாண்டித் தரையில் வைத்தாள். அப்படி வைத்தால் ஐந்து புள்ளிகள். எங்கள் அணிக்குக் கிடைத்தது அந்த ஐந்து புள்ளிகள் மட்டும்தான். எல்லோரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

பிறகு இளமதி ஓடி வந்து, "ஏய், எந்திரிடீ, போட்டோ எடுக்கணும்" என்று சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் இழுப்பது கண்ணுக்குத் தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை.

அந்த வீடியோவை எல்லோருக்கும் காட்டுகிறீர்களாமே. காட்டுங்கள். புள்ளி எடுத்ததும் நிறுத்திவிடுங்கள்.

டாக்டர் சொன்னதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

வரும்போது நம் பையனைக் கூட்டி வராதீர்கள். தூக்கச் சொல்லிக் கை நீட்டுவான்.

உங்கள் மனைவி