நீ நோயாளியாகப் படுத்த பயிற்சி வகுப்பு

இன்று எங்கள் மருத்துவக் கல்லூரியில் புதிய விரிவுரையாளர்களுக்குப் பயிற்சி. ஓய்வு பெற்றவள்தானே, வந்து பேசிவிட்டுப் போகட்டும் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நோயாளியின் கட்டிலருகே நின்று மாணவர்களுக்குப் பாடம் நடத்துவது எப்படி என்று ஒரு ரப்பர் பொம்மையை வைத்துக் காட்ட வேண்டுமாம். அதன் வயிற்றில் கை வைத்தேன். ரப்பர் வாடை. எத்தனை பேர் அமுக்கினாலும் வாயைத் திறக்காத நோயாளி. உடனே உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தவளா என்ன?

எழுபதுகளில் நாம் இருவரும் மாணவர்களைத் திருத்தணி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்ப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். ஒருநாள், ஆசிரியர்களுக்கே அங்கே பயிற்சி என்று உத்தரவு வந்தது. நம் அறுவை சிகிச்சைப் பேராசிரியர் கொதித்துப்போனார்.

"இத்தனை வருஷமா பாடம் நடத்துறவனுக்கே பாடமா?"

"அதனாலதான் சார்" என்று நீ முணுமுணுத்தது அவர் காதில் விழவில்லை என்றே இன்றுவரை நம்புகிறேன்.

வயிற்றைத் தொட்டுப் பரிசோதிக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று நான் மற்ற ஆசிரியர்கள் முன்னால் நடத்திக் காட்ட வேண்டிய நாள் வந்தது. அம்மையார்குப்பத்துத் தறிக்காரப் பெண் ஒருத்தியை வார்டிலிருந்து வரச் சொல்லியிருந்தோம். அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நேத்தே ஆளாளுக்கு வவுத்த அமுக்கிட்டாங்கம்மா. இங்கிலீசுல இன்னான்னாவோ பேசிக்கினாங்க. எனக்கு இன்னான்னு ஒருத்தரும் சொல்லல. நான் வரல, போங்க."

நீதான் அவளை வார்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறினாய். "நான் படுத்துக்கிறேன். நீ நடத்து" என்றாய்.

பொதட்டூர்பேட்டை நெசவாளி மகளாயிற்றே, அந்தப் பேச்சு உனக்குச் சொல்லித்தர வேண்டுமா? "இன்னா டாக்டரம்மா, கை இப்டி ஜில்லுனு கீது? கெணத்துல உட்டுகினு வந்தியா?" பேராசிரியர்கூடச் சிரித்துவிட்டார். நானும் சிரித்துக்கொண்டேதான் உன்னை மூச்சை இழுக்கச் சொல்லி, இடது விலாவுக்குக் கீழே விரலை நுழைத்தேன். அங்கே கையில் அகப்படவே கூடாத மண்ணீரல், கெட்டியாக வந்து விரலில் இடித்தது.

அந்த நாளில் நம் வழக்கம் உனக்குத் தெரியும். கண்டதை மாணவர்களிடம் இங்கிலீஷில் உரக்கச் சொல்வோம். கெட்ட சேதி என்றால் சொந்தக்காரரை வராந்தாவுக்கு அழைத்துப்போய்ச் சொல்வோம். படுத்திருப்பவருக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. எனக்கும் இங்கிலீஷ்தான் நாக்கு நுனிவரை வந்தது. வாயை மூடிக்கொண்டேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். நடிப்பு நின்றுவிட்டது.

"என்ன கிடைச்சுது?"

நான் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தேன்.

"அவங்களை ஏன் பாக்குறே? என் வயிறுதானே? முதல்ல என்கிட்ட சொல்லுடி."

கட்டிலில் உட்கார்ந்து, உன் காதருகே குனிந்து, தமிழில் சொன்னேன். நீயே விலாவுக்குக் கீழே கை வைத்துப் பார்த்துக்கொண்டாய். "ஆங், இருக்குது" என்றாய். பயந்திருந்தாய், என் முந்தானையை விடவே இல்லை. பேராசிரியர் எழுந்து எல்லோரையும் வெளியே அழைத்துக்கொண்டு போனார். அவரை நான் மதிக்கத் தொடங்கியது அன்றுதான்.

ரத்தத்தில் புற்றுநோய் என்று உறுதியானது. நீ கேட்டாய், அதையும் முதலில் உன்னிடமே சொன்னேன். பட்டணத்துப் பெரிய டாக்டர் வழக்கம்போல உன் நைனாவைத் தனியே கூப்பிட்டுச் சொல்லி, மகளுக்குத் தெரிய வேண்டாம் என்றும் சொல்லியனுப்பினார். அந்த மனிதர் வந்து, வெறும் ரத்தசோகைதான் என்று உன்னிடம் சாதித்தார். டாக்டரான உன்னிடமே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். நீயும் அந்தச் சோற்றைச் சாப்பிட்டாய். எனக்குக் கோபமான கோபம்.

"என்கிட்ட மட்டும் முதல்ல சொல்லுன்னு கேட்டியே, நைனாகிட்ட ஏன் நடிக்கிறே?"

"நான் கேட்டேன், நீ சொன்னே. அவரு கேக்கலியே! என்னைக் காப்பாத்திக்கினு கீறோம்னு நெனச்சிக்கினு கீறாரு. அதையும் புடுங்கிட்டா அந்த மனுசன் எதைப் புடிச்சிக்கினு நிப்பாரு?"

உடம்பு இடம்கொடுத்தவரை நீ விடவில்லை. புதிதாக வரும் ஆசிரியர் ஒவ்வொருவரையும் கட்டிலில் படுக்க வைத்து, மற்றவர்களைச் சுற்றி நின்று அவர் வயிற்றைப் பற்றிப் பேசவிடுவாய். எழுந்ததும் "எப்படி இருந்துது சார்?" என்று மட்டும் கேட்பாய். அதன் பிறகு அவர்கள் வார்டில் நடந்துகொண்ட விதமே மாறியது. இந்தக் காலத்துப் பயிற்சிகளில் படமும் விளக்கமும் நிறைய இருக்கின்றன. அந்தக் கட்டில் இல்லை.

உன் காரியம் முடிந்த அன்று நைனா என் கையைப் பிடித்துக்கொண்டார். தறியில் காய்த்த கை.

"டாக்டருக்குப் படிச்ச பொண்ணும்மா. அவளுக்கே தெரியாம பாத்துக்கினேன். பயமில்லாமதானே போய்ச் சேந்தா?"

"ஆங், நைனா. கடைசி வரைக்கும் அவளுக்குத் தெரியாது" என்றேன்.

இன்றும் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளிடம், நோயாளியிடம்தான் முதலில் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம் என்று நீ சிரிப்பாய். நைனாவும் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. நீ கற்றுக்கொடுத்ததை எல்லோருக்கும் கொடுத்துவிட்டேன். அந்த ஒரு பொய் மட்டும் என்னிடமே இருக்கிறது. அவர் மறுபடி வந்து கையைப் பிடித்துக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.