கம்பளத்தில் சூரியக் கணக்கு

17 டிசம்பர் 1996, செவ்வாய்

பனித்தூறல். நாங்கள் வந்து குடியேறிய இந்த மல்வேர்ன் முழுக்கச் சேறு. திருவெம்பாவை இரண்டாம் நாள். விடிய ஐந்து மணிக்குக் கற்பூரம் கொளுத்த, கூரையில் இருக்கும் புகைமணி அலறியது. இரவு வேலை முடிந்து அப்போதுதான் படுத்த இவர் எழும்பி வந்து துவாயால் விசிறினார். "உம்மட சாமிக்குக் காது கேக்காதே? உந்த மணியும் வேணுமே?" பாட்டு பாதியில் நின்றது.

பின்னேரம் மகள் தர்ஷினி பள்ளிக்கூடத்தால் முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எட்டாம் வகுப்புக் கட்டுரை: மிக நீண்ட இரவும் பழங்கால மக்களின் வழக்கங்களும், உங்கள் வீட்டில் எப்படி. போன கிழமை என்னிடம் கேட்டாள். சூரியன் வடக்கே திரும்புவது தை முதலாம் நாள், அன்றுதான் பொங்கல் என்றேன். மிஸ் சிவப்பு மையால்: இல்லை, டிசம்பர் 21.

"வகுப்பில வாசிக்கவும் விட்டவ. எல்லாரும் சிரிச்சவை."

"பஞ்சாங்கத்தில கிடக்கு, பிள்ளை."

"இனி நீங்கள் சொல்லுறது ஒண்டும் எழுதமாட்டன். விடிய எழும்பிப் பாடவும் வரமாட்டன். அதுவும் பிழையோ ஆருக்குத் தெரியும்?"

மிஸ் நாசமாய்ப் போக. (பிழை. பூசை நாளில் இப்படி எழுதக் கூடாது.)

18 புதன்

தனியாகப் பாடினேன். நூலகத்தில் புத்தகம் எடுத்தேன். அகராதியோடு ஒரு பக்கத்துக்கு அரை மணி. பழைய ஆட்கள் அன்று செய்தவை:

பெரிய மரக்கட்டை எரிப்பு. மிஞ்சும் துண்டை எடுத்து வைத்து அடுத்த வருடத்துக் கட்டைக்குத் தீ.
இலை உதிராத மரத்துக் கொப்பு, வாசலில்.
ரோமாபுரியில் எசமான் வேலைக்காரனுக்குப் பரிமாறுவது. இவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

கட்டை எரிப்பது நம் சொக்கப்பனை மாதிரி. குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் இந்தப் புத்தகத்திலும் 21தான்! ஆளுக்கு ஆள் பார்த்து எழுதுகிறார்கள்.

நானே பார்ப்பது என்று முடிவு. மதியம் பல்கனிக் கதவால் வரும் வெயில் இப்போது சாமித்தட்டின் கால்வரை போகிறது. சூரியன் தெற்கே போகப்போக வெயில் உள்ளே வரும், திரும்பினால் பின்வாங்கும். தினம் 12.15க்கு வெயில் முடியும் இடத்தில் கம்பளத்தில் ஒரு துண்டு டேப், அதில் திகதி. தைவரை உள்ளே வந்துகொண்டே இருந்தால் மிஸ்ஸைக் கூப்பிட்டுக் காட்டுவேன்.

முதல் டேப் ஒட்டியாயிற்று. ஓரம் மங்கல், பிடிக்கக் கண் வலி.

20 வெள்ளி

நேற்றும் இன்றும் மேகம். கோடு இல்லை. இந்த ஊரில் சூரியனைச் சாட்சிக்குக் கூப்பிட்ட என்னைச் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் இன்று விழாவாம். மண்டபத்தை இருட்டாக்கி, ஆளுக்கொரு மெழுகுதிரி. நல்லது. முடிவில் எல்லோரும் சேர்ந்து வாயால் ஊதி அணைத்தார்களாம்! சூரியனைக் கூப்பிட்டு வைத்து முகத்தில் ஊதுவதா?

"நீயும் ஊதினியோ?"

"கையால விசிறினன். அதுக்கும் சிரிச்சவை."

அவளுக்குப் பிடித்த உருளைக்கிழங்குப் பிரட்டல் வைத்தேன்.

21 சனி

12.10க்கு வெயில்! முழங்காலில் நின்று டேப் ஒட்டும்போது மேல்மாடி பிலோமினா அக்கா, மன்னார் ஆள், கேக்கோடு உள்ளே வந்தா. "என்ன, நிலத்துக்கு ஞானஸ்நானமோ?"

விசயம் சொன்னேன்.

"எல்லாற்ற சூரியனும் இண்டைக்குத் திரும்ப, உம்மடை மட்டும் ஜனவரி மட்டும் நிக்குதோ? பாவம், அதுக்கும் இன்னும் விசாப் பேப்பர் கிடைக்கேல்லைப் போல."

விடுவேனா? "அக்கா, உங்கட கிறிஸ்மஸ் மரமும் இயேசு பிறக்க முந்தின ஆக்களின்ர பழக்கமாம். புத்தகத்தில கிடக்கு."

"அப்ப உம்மட வீட்டிலயும் ஒண்டை வையுமன்!"

கேக்கில் முட்டை. திருவெம்பாவை முடியும்வரை தொட முடியாது. இவர் தொட்டார்.

கோடு: 18ஐ விட ஒரு நூல் உள்ளே. நான் சொன்னபடி.

25 புதன்

திருவாதிரை. திருவெம்பாவை நிறைவு. கதவைத் திறந்து வைத்துக் கற்பூரம். மணி அலறவில்லை, குளிரில் விறைத்தோம். தர்ஷினி எழும்பவில்லை.

கோடு: 21ஐ விடக் கொஞ்சம் வெளியே. டேப் நழுவியிருக்கும். இவர் சப்பாத்துக் காலோடு நடப்பவர்.

1 ஜனவரி 1997

நான்கு விரல் வெளியே. டேப் நழுவவில்லை. அழுத்திப் பார்த்தேன்.

2 வியாழன்

கோயில் ஐயருக்கு ரெலிபோன். பஞ்சாங்கம் பிழையோ என்று கேட்டேன்.

"பிள்ளை, தை ஒண்டுக்குப் பொங்குங்கோ. சூரியனுக்குப் பின்னால திரியாதேங்கோ."

கேட்டதற்கு இதுவா பதில்?

4 சனி

ஒரு சாண். இவர் உள்ளே நித்திரை, தர்ஷினி வெளியே போய்விட்டாள். டேப்புகளை உரித்துக் குப்பையில் போட்டால் கேட்க ஆள் இல்லை. ஒன்றை நகத்தால் கிளப்பியும் விட்டேன். சாமித்தட்டுக்கு முன்னால் இருந்துகொண்டு செய்யும் வேலையா? திரும்ப ஒட்டினேன்.

5 ஞாயிறு

12.15க்குத் தர்ஷினியைக் கூப்பிட்டேன். வந்து குந்தி ஒவ்வொரு திகதியாக வாசித்தாள்.

"திரும்பிட்டுது."

"ஓம்."

"அப்ப மிஸ் சொன்னது?"

"சரி. நான் சொன்னது பிழை."

தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "அப்ப பொங்கல் ஏன் பதினாலு?"

"தெரியாது, பிள்ளை."

இன்றைய டேப்பை அவளே ஒட்டினாள். கோணல்.

6 திங்கள்

பள்ளிக்கூடம் தொடக்கம். பூட்ஸோடு வாசலில் நின்றுகொண்டு, மிஸ்ஸுக்குக் காட்ட இந்தக் கொப்பி வேண்டுமாம். இதையா? மிஸ் நாசமாய்ப் போக என்று எழுதிய கொப்பியை!

வேறு தாளில் திகதியும் அளவும் எழுதிக் கொடுத்தேன்.

"கீழ எழுதுங்கோ, மிஸ் சொன்னது சரி எண்டு. சைனும் வையுங்கோ."

பேனையை அழுத்தியதில் தாள் கிழிந்தது. திரும்ப எழுதினேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

ஓடினவள் திரும்பி வந்து: "பதினாலாந் திகதி எத்தினை மணிக்கு எழும்போணும்?"