டிரைவர் பக்கத்து சீட்

பிப்ரவரி 3, திங்கள்

வியாழக்கிழமை கும்பகோணத்தில் ஆட்டம். எனக்கு அன்று இரண்டாவது ஷிப்ட். மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. மூன்று பேரைக் கேட்டேன். ஒருவனுக்கு மச்சினன் கல்யாணம், ஒருவனுக்கு இடுப்பு வலி. மூன்றாமவன் காரணமே சொல்லவில்லை, சிரித்தான். தோற்கிற டீமைப் பார்க்க அவ்வளவு தூரம் போகணுமா என்கிற சிரிப்பு.

தோற்கிற டீம்தான். நம்ம ஊர் காலேஜ் பாஸ்கெட்பால் டீம் இந்த வருஷம் வெளியூரில் ஆடிய எல்லாவற்றிலும் தோற்றிருக்கிறது. எல்லாவற்றுக்கும் நான் போயிருக்கிறேன். அந்தக் காலேஜில் நான் படித்ததில்லை, எனக்கு வேண்டிய பையன் யாரும் அதில் ஆடவில்லை. ஷிப்ட் முடிந்து கிரவுண்டில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. வேனில் டிரைவர் பக்கத்து சீட்டை எனக்கென்று கோச் குஞ்சிதபாதம் சார் ஒதுக்கி வைத்திருக்கிறார். தண்ணீர் கேனை இரண்டு முழங்காலுக்கும் நடுவே வைத்துக்கொண்டால் ஊர் போய்ச் சேரும்வரை ஒரு சொட்டு சிந்தாது. கான்ட்ராக்ட்காரனான எனக்கு பெர்மனன்ட் என்று இருப்பது அந்த சீட் ஒன்றுதான்.

பிப்ரவரி 5, புதன்

எனக்குப் பதிலாக ஜெயப்பிரகாஷ் போகிறானாம். சாரிடம் அவனே போய்க் கேட்டானாம்.

பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவன். நான் கான்ட்ராக்டில் இருக்கும் அதே மைன்ஸில் பெர்மனன்ட். மரமும் தோட்டமுமாக குவார்ட்டர்ஸ். நினைத்த நாளில் லீவு. கிரவுண்டுக்கு இப்போதுதான் வர ஆரம்பித்திருக்கிறான். பந்து கூடைக்குள் விழுந்தால் 'கோல்' என்கிறான். போகட்டும். ஒரு நாள்தானே. தோற்றுவிட்டு வரும்போது அந்த வேனில் யாரும் பேச மாட்டார்கள். அதையும் அவன் ஒருமுறை அனுபவிக்கட்டும்.

பிப்ரவரி 7, வெள்ளி, காலை

ஜெயித்துவிட்டோம்.

நிலக்கரி பெல்ட் ஓடும் இடத்தில் போனை எடுக்கக் கூடாது. நேற்று ஷிப்ட் முடிந்து எடுத்தால் டீம் வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜாகக் கொட்டிக் கிடக்கிறது. ஒரே ஒரு பாயின்ட்டில் வெற்றி. நம்ம டீம் பையன் கார்முகில் கடைசியில் போட்டிருக்கிறான்.

முதலில் சந்தோஷம்தான் வந்தது என்று எழுத ஆசை. வரவில்லை. முதலில் வந்தது — அந்த சீட்டில் அவன் உட்கார்ந்திருந்தானே.

எல்லாத் தோல்விக்கும் கூட இருந்தவன் நான். ஜெயித்த அன்றைக்குப் பார்த்து அவனா?

பிப்ரவரி 7, மாலை

தனகோட்டி அக்கா டீக்கடையில் நிற்க இடமில்லை. ஜெயப்பிரகாஷ் நடுவில். சுற்றி ஒரே கூட்டம். கிரவுண்டுப் பக்கம் எட்டிப் பார்க்காதவன் எல்லாம் கையில் டீ கிளாஸோடு கதை கேட்கிறான். பேனர் வைக்கலாம் என்கிறான் ஒருவன். அடுத்த வருஷம் கோப்பையே நமக்குத்தான் என்கிறான் இன்னொருவன். இந்த டீமைக் கலைத்துவிட்டு காலேஜ் அந்தப் பணத்துக்கு ஃபேன் மாட்டலாம் என்று தீபாவளிக்கு முன்னால் சொன்ன ஆள், "நான் அப்பவே சொன்னேன்ல" என்று தோளைத் தட்டுகிறார்.

ஜெயப்பிரகாஷ் சொன்ன கதை இது. கடைசி நேரம். ஒரு பாயின்ட் பின்னால் இருக்கிறோம். கார்முகில் இரண்டு பேரைத் தாண்டி எகிறிப் போட்டானாம். அரங்கமே அதிர்ந்ததாம். சொல்லும்போது ஒரு கையைத் தூக்கி எகிறிக் காட்டினான். டீ சிந்தியது. அதற்கும் கைதட்டினார்கள்.

நான் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். தனகோட்டி அக்கா என் கிளாஸை வைத்துவிட்டு, "ஏன் தம்பி, நீ போன ஆட்டம் ஒண்ணாவது ஜெயிச்சிருக்கா?" என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 8, சனி

குரூப் படத்தை மாற்றியிருக்கிறார்கள். வேனுக்குள் எடுத்த செல்ஃபி. முன்னால் ஜெயப்பிரகாஷின் முகம் பூசணிக்காய் மாதிரி. தண்ணீர் கேனைக் காணோம். எங்கே வைத்தானோ.

பிப்ரவரி 10, திங்கள்

குஞ்சிதபாதம் சார் டீக்கடைக்கு வெளியே என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கும்பகோணத்துக்குப் போட்டுப் போன அதே நீலச் சட்டை. ஜெயித்த நாளிலிருந்து மாற்றவில்லை என்று பையன்கள் சொல்வது உண்மைதான் போலிருக்கிறது.

"இளவழகா, தப்பா எடுத்துக்காத. பத்தொம்பதாந்தேதி விழுப்புரம். இந்த சீசன்ல கடைசி ஆட்டம். பசங்க ஒரு ராசியில இருக்கானுங்க. அத ஏன் நாம கலைக்கணும்? இந்த ஒரு தபா ஜெயப்பிரகாஷே வரட்டும்."

சரி சார் என்றேன். வேறென்ன சொல்வது? பத்தொன்பதாம் தேதி எனக்கு வீக்லி ஆஃப். ஷிப்ட் மாற்ற யார் காலிலும் விழ வேண்டாம். எல்லாம் கூடி வந்த நேரத்தில் இப்படி.

ராசியாம். எம்எஸ்சி படித்த மனுஷன். என் மூஞ்சியைப் பார்த்தால் பந்து கூடைக்குள் போகாதா? பந்துக்கு என்னைத் தெரியுமா? நான் என்ன பாவம் பண்ணினேன்? தண்ணி கேன் தூக்கினேன், ஐஸ் உடைச்சேன், கணுக்கால் பிசகினவனைத் தோளில் தூக்கிக்கிட்டு வேன் வரைக்கும் நடந்தேன். அதெல்லாம் ராசியில்ல. ஒரு நாள் போய் உக்காந்துட்டு வந்தவன் ராசி.

பிப்ரவரி 11, செவ்வாய்

என் மனைவி மணிமொழியிடம் நேற்று ராத்திரியே எல்லாம் கொட்டிவிட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். எழுந்து போகும்போது ஒன்றுதான் கேட்டாள். "டீம் ஜெயிக்கணும்னு போறியா, அந்த சீட்டுல உக்காரணும்னு போறியா?"

இரண்டும்தான் என்றேன். இன்று முழுவதும் பெல்ட் பக்கத்தில் நின்றுகொண்டு அதையே யோசித்தேன். அவர்கள் விழுப்புரத்தில் தோற்றால் எனக்கு உள்ளுக்குள் நன்றாக இருக்கும். இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

பிப்ரவரி 13, வியாழன்

அரங்கமே அதிர்ந்ததா?

சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. கும்பகோணத்தில் நம் பையன் போட்டால் யார் கத்துவார்கள்? அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் அந்த ஊர்க்காரர்கள். வெளியூர் அரங்கம் எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்க வேண்டும். அந்த ஊர்ப் பையன் போட்டால் கூரை பிய்த்துக்கொள்ளும். நாம் போட்டால் சாவு வீடு. பையன்களின் ஷூ தரையில் கீச்சிடுவது கேட்கும். நான் ஒருத்தன் கைதட்டுவது எனக்கே அசிங்கமாகக் கேட்கும்.

ஜெயப்பிரகாஷ் பொய் சொல்கிறான். எவ்வளவு பொய் என்றுதான் தெரியவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

கிரவுண்டில் கார்முகிலைப் பிடித்தேன். குறிஞ்சிப்பாடிப் பையன். பிராக்டிஸ் முடிந்து பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். கடைசிப் பந்து எப்படிப் போட்டாய் என்று சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

"ஃப்ரீ த்ரோண்ணா. ரெண்டு கெடச்சுது. ரெண்டும் வுழுந்துது."

ஃப்ரீ த்ரோ! எதிராளி முரட்டாட்டம் ஆடியதற்காகக் கொடுப்பது. கோட்டில் நின்று நிதானமாகப் போடலாம், யாரும் குறுக்கே வரக் கூடாது. தாண்டுவதற்கு அங்கே இரண்டு பேர் ஏது? எகிறுவது ஏது?

ஜெயப்பிரகாஷ் எங்கே உட்கார்ந்திருந்தான் என்று கேட்டேன்.

"அவுரு எங்க உள்ள இருந்தாரு? முடியறதுக்கு முன்னாடியே எழுந்து பூட்டாரு. ஜெயிச்சிட்டு நாங்க தேடிக்கினு வந்தா வேன்ல ஒக்காந்துகினு இருக்காரு."

அவனுக்கு பாதாம் பால் வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று பையனுக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே சைக்கிள் மிதித்தேன்.

நாளைக்கு டீக்கடையில் எல்லோருக்கும் முன்னால் கேட்கிறேன்.

பிப்ரவரி 15, சனி

கேட்டேன்.

ஜெயப்பிரகாஷ் இன்றைக்கும் கதை சொல்லிக்கொண்டிருந்தான். பண்ருட்டியிலிருந்து யாரோ உறவுக்காரர் வந்திருக்கிறார், அவருக்காக. கை மேலே தூக்கியிருக்கும்போது, "அது ஃப்ரீ த்ரோவா, ஓட்டத்துல போட்டதா?" என்றேன்.

அவன் கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தான். மூஞ்சி வெளிறிவிட்டது. உறவுக்காரர் நடுவில் ஏதோ கேட்க, பேச்சு மாறிப் போயிற்று. மிச்சத்தையும் நான் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனியில் இருந்தது. சைக்கிளை எடுக்கப் போனேன். பின்னாலேயே வந்துவிட்டான்.

"நான் பாக்கலடா. நாலு நிமிஷம் இருக்குது, நாம முன்னால இருக்கோம். எதிர் டீம்காரன் பாயின்ட் ஏத்திக்கிட்டே வரான். நான் பாத்துட்டிருந்தா தோத்துடுவானுங்கன்னு தோணிச்சு. வெளிய வந்துட்டேன். பெருசா ஒரு சத்தம் கேட்டுது. தோத்துட்டோம்னு நெனச்சு வேன்ல போய் உக்காந்துட்டேன்."

பிறகு ஏன் கதை கட்டினாய் என்றேன். திரும்பி வந்ததும் எல்லோரும் கேட்டார்களாம், என்ன சொல்வதென்று தெரியவில்லையாம். "சொல்றதுன்னா சொல்லிடு" என்றான்.

சொல்ல மாட்டேன், விழுப்புரத்துக்கு சீட்டை எனக்குக் கொடு என்றேன்.

சரி என்றான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

அவசர வேலை இருக்கிறது, விழுப்புரம் வர முடியாது என்று சாரிடம் சொல்லிவிட்டானாம். வேறு வழியில்லாமல் சார் எனக்கு போன் செய்தார். குரலில் உற்சாகமில்லை. சட்டையையாவது மாற்றாமல் இருங்கள் சார் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

பறித்து வாங்கின சீட். இருந்தாலும் என் சீட்.

பிப்ரவரி 20, வியாழன்

நேற்று விழுப்புரம் போய் வந்தோம். நடந்ததை ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

போகும்போது முன்னால் என் சீட், முழங்காலுக்கு நடுவே கேன். ஆனால் பையன்கள் என்னைப் பார்த்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டார்கள். வாங்கண்ணா என்றார்கள், அவ்வளவுதான். ஒருவன் சன்னல் பக்கம் திரும்பிச் சாமி கும்பிட்டுக்கொண்டான்.

நன்றாகத்தான் ஆடினார்கள். பாதி ஆட்டம் வரைக்கும் நாம் முன்னால். பிறகு வழக்கம்போல. கார்முகில் கையில் பந்து நிற்கவில்லை. கடைசி நாலு நிமிஷம் இருக்கும்போது சமநிலை. சார் பெஞ்சிலிருந்து ஒரு முறை திரும்பி என்னைப் பார்த்தார். ராசியாவது மண்ணாவது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். கால் கேட்கவில்லை. எழுந்துவிட்டேன்.

எந்த ஆட்டத்திலும் நான் பாதியில் எழுந்ததில்லை. படி இறங்கும்போது அழுகை வந்தது.

வெளியே வேன் பக்கத்தில் ஜெயப்பிரகாஷ் நின்றுகொண்டிருந்தான். தனியாக பஸ் பிடித்து வந்திருக்கிறான். உள்ளே வரவே இல்லை. ஆட்டம் ஆரம்பித்ததிலிருந்து வெயிலில் நிற்கிறானாம். நல்லவேளை லீவு இருந்தது என்றான். என்னைப் பார்த்து, "நீ ஏன் வெளிய வந்த?" என்றான். அவனுக்கே தெரிந்துவிட்டது.

உள்ளேயிருந்து பெரிதாக ஒரு சத்தம் வந்தது. ஜெயப்பிரகாஷ் என் கையைப் பிடித்து, "போட்டுட்டானா?" என்றான்.

"இல்ல. சத்தம் வந்தா அவங்க. வரலேன்னா நாம" என்றேன்.

இன்னொரு சத்தம். அப்புறம் இன்னொன்று. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. விசில் மட்டும். பிறகு கூட்டம் கத்த ஆரம்பித்தது. நிறுத்தவே இல்லை, தகரம் தட்டுகிற மாதிரி ஏறிக்கொண்டே போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சட்டென்று நின்றது.

ஒரு சத்தமுமில்லை. உள்ளே அத்தனை பேர் இருக்கிறார்கள், ஒருவர்கூட மூச்சு விடவில்லை. ரோட்டில் போகிற பஸ்ஸின் ஹாரன் கேட்டது. ஜெயப்பிரகாஷ் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னடா, என்னடா என்றான்.

"நம்ம பையன்தான்" என்றேன். நடு ரோட்டில் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றோம். நாலு நாளைக்கு முன்னால் அவனை ஊர் நடுவே அசிங்கப்படுத்தப் பார்த்தவன் நான்.

பையன்கள் ஓடி வந்தார்கள். கார்முகில் எங்கள் இருவரையும் பார்த்து, "நீங்களும் வெளியதானாண்ணா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சாருக்கு மட்டும் அது சிரிக்கிற விஷயமாகத் தெரியவில்லை. "அடுத்த வருஷம் ரெண்டு பேரும் வாங்க. கடைசி நாலு நிமிஷம் ரெண்டு பேரும் வெளிய நிக்கணும். உள்ள வந்தீங்க, தொலைச்சிடுவேன்" என்றார்.

திரும்பும்போது டிரைவர் பக்கத்து சீட்டில் இரண்டு பேர். பாதி பாதி. கேனை ஜெயப்பிரகாஷிடம் கொடுத்தேன். பண்ருட்டி வருவதற்குள் பேன்ட் முழுக்க நனைத்துக்கொண்டான்.

பிப்ரவரி 21, வெள்ளி

பேனர் வைத்துவிட்டார்கள். கார்முகில் படத்தைவிட, டீமைக் கலைக்கச் சொன்னவர் படம் பெரிது.

பிப்ரவரி 22, சனி

டீக்கடையில் இன்று நடு பெஞ்ச் எங்களுக்கு. சுற்றிக் கூட்டம். ஷிப்ட் மாற்ற ஆள் கிடைக்காமல் விழுப்புரம் வர முடியாத இரண்டு பேர் ஓரத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் கான்ட்ராக்ட், என் செக்‌ஷன்தான். அவன் பார்வை எனக்குத் தெரிந்த பார்வை.

தனகோட்டி அக்கா கேட்காமலே எனக்கு ஸ்பெஷல் டீ வைத்தார். "கடைசிப் பந்து எப்படி வுழுந்துது தம்பி? நீதான் வெவரமா சொல்லுவ" என்றார்.

ஜெயப்பிரகாஷ் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

கிளாஸைக் கீழே வைத்தேன். எழுந்து நின்றேன். "ரெண்டு பேரத் தாண்டி எகிறினான் பாருங்கக்கா" என்று கையைத் தூக்கினேன்.