முதுகு காட்டும் காட்சி

மார்ச் 4

அன்புள்ள குயிலுக்கு,

இங்கு நான் நலம். நீ நலம் என்று உன் அக்கா சொல்லித் தெரிந்துகொண்டேன். போனை எடுக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கிறாய், ஆகவே பேனாவை எடுக்க வேண்டியதாயிற்று. வசனம் எழுதிப் பிழைக்கிறவன் வீட்டில் எழுதுகிற பேனா ஒன்றுகூட இல்லை. பக்கத்து வீட்டு வாத்தியாரிடம் இரவல் வாங்கி எழுதுகிறேன். சிரிக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். நம் டப்பிங் ஸ்டுடியோவுக்கு ஒரு பழைய தெலுங்குப் புராணப் படம் வந்திருக்கிறது. கறுப்பு வெள்ளை. கீறல் எல்லாம் நீக்கி, தேய்த்துக் கழுவிய பாத்திரம் மாதிரி பளிச்சென்று இருக்கிறது. சுகன்யா கதை. புற்றுக்குள் தவம் செய்யும் கிழ முனிவரின் கண்ணை, மின்மினிப் பூச்சி என்று நினைத்து ராஜகுமாரி முள்ளால் குத்திவிடுகிறாள். அதற்கு ஈடாக அவருக்கே அவளைக் கட்டிவைத்துவிடுகிறார்கள். பிறகு தேவ வைத்தியர்கள் இரண்டு பேர் வந்து, முனிவரோடு குளத்தில் மூழ்கி அவரை வாலிபனாக்குகிறார்கள். மூன்று பேரும் ஒரே முகத்தோடு குளத்திலிருந்து ஏறி வருகிறார்கள். "இதில் உன் புருஷன் யார், சொல்" என்கிறார்கள். மூன்று பேரும் ஒரே நடிகர்தான். கிரீடம் மூன்று தலையிலும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது!

தமிழ் வசனம் நான். தெலுங்கைவிட நன்றாக வரும், எழுதி வைத்துக்கொள். சுகன்யாவாக நடித்த அம்மாளின் வாய் கொஞ்சமாகத்தான் திறக்கும், கண்தான் பேசும். அந்த முகத்துக்கு உன் குரலைத் தவிர எதை வைத்தாலும் ஒட்டாது. முதலாளி கேட்டார். நீ ஒப்புக்கொள்வாய் என்று சொல்லிவிட்டேன். வசனப் பக்கங்களும் படமும் தனியாக வருகின்றன.

குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. நீ இருந்தால் திட்டியே நிறுத்தியிருப்பாய்.

உன்,
வீட்டுக்காரன்


மார்ச் 11

மதிப்புக்குரிய வசனகர்த்தா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. குயில் என்று இன்னொரு முறை எழுதினால் பதில் வராது. அது காக்கா கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் பறந்துபோகும். நான் அப்படிப்பட்டவள் இல்லை.

"நீ ஒப்புக்கொள்வாய் என்று சொல்லிவிட்டேன்." இந்த வரியை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். பட்டும் புத்தி வராத மனிதர் நீங்கள். போன வருஷம் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக நான் ஊருக்குப் போயிருந்தபோது, சீரியல் தயாரிப்பாளர் உங்களிடம் என்ன கேட்டார்? "கதாநாயகிக்கு இளசான குரல் வேணும், உங்க வீட்டம்மா வருத்தப்படுவாங்களா சார்?" நீங்கள் என்ன சொன்னீர்கள்? "அவளே விட்டுடலாம்னுதான் இருந்தா." நான் எங்கே அப்படி இருந்தேன்? திரும்பி வந்து ஒலிப்பதிவு அறைக் கதவைத் திறந்தால், என் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேறு ஒரு பெண் நிற்கிறாள். பாவம், அவள் அதைக் கழற்றிவிட்டு வணக்கம் வேறு சொன்னாள். எனக்கு அந்த வாய்ப்பு போனதுகூடப் பெரிதில்லை. என் வாயை நீங்கள் எடுத்துக்கொண்டீர்களே, அதுதான் ஆறவில்லை.

ஆகவே முதல் வேலையாக முதலாளியிடம் போய், நான் ஒப்புக்கொள்ளவில்லை என்று சொல்லுங்கள். பிறகு பேசுவோம்.

படத்தை மட்டும் பார்த்துவிட்டேன். ஒரே மூச்சில். நல்ல படம், மறுக்க மாட்டேன். உங்கள் வசனமும் நன்றாகத்தான் இருக்கிறது, அதுவும் தெரிந்ததுதான். ஆனால் புற்றுக் காட்சியைப் பாருங்கள். ராஜா முனிவரின் காலில் விழுந்து கிடக்கிறார். சுகன்யா நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். அந்த இடத்தில் நீங்கள் ராஜா வாயில், "என் மகள் சம்மதித்துவிட்டாள், முனிவரே" என்று வைத்திருக்கிறீர்கள். எனக்குத் தெலுங்கு அரைகுறைதான். ஆனாலும் ஆண் குரலுக்கும் பெண் குரலுக்கும் வித்தியாசம் தெரியும். அங்கே பேசுவது அவள். "நான் போகிறேன் அப்பா" என்று அவளே சொல்கிறாள். அவள் முதுகைத் திருப்பியதும் வசனத்தைப் பிடுங்கி அப்பாவிடம் கொடுத்துவிட்டீர்கள். உங்களுக்கு இது கைவந்த கலை.

குழாய்க்கு வாஷர் மாற்ற வேண்டும். திட்டினால் நிற்காது.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி (வீடு வேறு)


மார்ச் 17

அன்புள்ள கோபக்காரிக்கு,

முதலாளியிடம் சொல்லிவிட்டேன். "அவ ஒத்துக்கல சார், நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி சொல்லிட்டேன்." அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல இதுதான்யா நீ எழுதின நல்ல வசனம்" என்றார். டப்பிங் நடத்தும் நம் மேஸ்திரி பக்கத்தில் நின்று டீயைத் துப்பிவிட்டார். என் மானம் ஸ்டுடியோ முழுக்கப் போயிற்று. திருப்திதானே?

ஆனால் புற்றுக் காட்சியில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். உதடு தெரிகிற இடத்தில்தான் நமக்குக் கட்டுப்பாடு. அவர்கள் உதடு மூடினால் நாமும் உதடு மூடுகிற எழுத்தைத் தேடிப்பிடித்துப் போட வேண்டும். முதுகு காட்டுகிற ஷாட் நமக்குக் கிடைத்த இனாம். யார் வசனத்தை வேண்டுமானாலும் அங்கே வைக்கலாம், வெட்டலாம், மாற்றலாம். தொழிலில் எல்லோரும் செய்வது. அடுத்த ஷாட்டே ராஜாவின் முகம், கண்ணில் நீர். தாடி உதட்டை மறைக்கிறது, நான் என்ன எழுதினாலும் பொருந்தும். பெற்றவனே சொன்னால் அரங்கம் அழும். அவள் சொன்னால் என்ன வரும்? ஒரு சின்னப் பெண் நாலு சொல் சொல்கிறாள், அவ்வளவுதான். இத்தனை வருஷம் இந்த வேலையில் இருக்கிறேன், எனக்குத் தெரியாதா?

இன்னொரு சண்டை குளத்துக் காட்சியில். மூன்று பேருக்கும் மூன்று குரல் வைத்தால் ஜனங்களுக்குக் குழப்பம் இருக்காது என்கிறார் மேஸ்திரி. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. நீ என்ன நினைக்கிறாய்? பார், கேட்டுவிட்டேன். நீ இப்படித்தான் நினைப்பாய் என்று நானாக எழுதவில்லை.

வாஷர் மாற்றினேன். இப்போது வேறு இடத்தில் ஒழுகுகிறது.

உன்,
முந்திரிக்கொட்டை


மார்ச் 23

அன்புள்ள முந்திரிக்கொட்டைக்கு,

கேட்டதற்கு நன்றி. அன்புள்ள என்று எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா? கவனிக்காமல் இருக்க மாட்டீர்கள்.

குளத்துக்கு ஒரே குரல்தான். மூன்று குரல் வைத்தால் கண்ணை மூடிக்கொண்டு காட்டிவிடலாமே, "அதோ அந்த மூன்றாவது ஆள்" என்று. அப்புறம் சுகன்யாவுக்கு என்ன சாமர்த்தியம்? முகமும் ஒன்று, குரலும் ஒன்று, அப்படியும் அவள் கண்டுபிடித்தாள் என்பதுதானே கதை. ஜனங்கள் குழம்பட்டும். அவளும் ஒரு நிமிடம் குழம்பினாள் அல்லவா?

என்னை அப்படி நிறுத்தினால் எனக்கு ஒரு நிமிடமும் வேண்டாம். உங்களைப் போல மூன்று பேரை வரிசையாக நிற்க வைக்கட்டும். "சுகன்யா, உனக்குப் பசிக்கிறதா?" என்று யாராவது என்னிடம் கேட்கட்டும். "அவளுக்குப் பசிக்காது, இப்பதான் சாப்பிட்டா" என்று முந்திக்கொண்டு எவர் சொல்கிறாரோ, அவர்தான் என் ஆள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

இப்போது தொழில். நான் வருகிறேன். முதலாளியிடம் நானே பேசி, சம்பளமும் நானே பேசி முடித்துவிட்டேன். உங்களைவிட நன்றாகவே பேசினேன். ஒரே ஒரு நிபந்தனை. புற்றுக் காட்சியில் அவள் வசனம் அவளுக்கே வேண்டும். நான் பேசுகிறேன், நீங்கள் கேளுங்கள். அரங்கம் அழாவிட்டால் ராஜாவுக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ஒரு வார்த்தை பேச மாட்டேன். தோற்றால் தோற்றேன் என்று ஒப்புக்கொள்கிற குணம் என் அம்மா வழி. உங்கள் பக்கம் அது கிடையாது.

அக்கா வீட்டில் தங்குகிறேன். நம் வீட்டுக்கு வர மாட்டேன். ஸ்டுடியோவில் எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்துப் பாவமாக நிற்காதீர்கள். நிற்பீர்கள் என்று தெரியும், அதனால்தான் சொல்கிறேன்.

உங்கள்,
சுகன்யா வேஷக்காரி


ஏப்ரல் 9

அன்புள்ளவளுக்கு,

நீ ரயில் ஏறிய மறுநாள் எழுதுகிறேன். ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். வேலை நடந்த நாட்களில் வேலையைத் தவிர நாம் வேறு பேசவில்லை. நான் பாவமாக நிற்கவும் இல்லை. கொஞ்சம் நின்றேன்.

புற்றுக் காட்சியைச் சொல்ல வேண்டும். அழுகை கலந்து சொல்லும்மா என்று மேஸ்திரி கேட்டார். நீ சரி என்று தலையாட்டிவிட்டு, கடைக்குப் போய் வருகிறேன் என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாய். "நான் போகிறேன் அப்பா." திரையில் முதுகுதான் தெரிகிறது. ஆனால் அந்த முதுகு நிமிர்ந்து நிற்பதை நான் அப்போதுதான் பார்த்தேன். எத்தனை முறை ஓட்டிப் பார்த்த காட்சி அது! ராஜாவுக்குக் குரல் கொடுத்த நம் பெரிய வயிற்றுக்காரர், அடுத்து தான் விம்ம வேண்டும் என்பதை மறந்து மைக் முன்னால் சிலையாக நின்றுவிட்டார். பழக்க தோஷத்தில் "இன்னொரு டேக்" என்றார் மேஸ்திரி. பிறகு அவரே "வேணாம், வேணாம்" என்றார். நான் தோற்றேன். என் பக்கத்துக் குணத்தையும் மீறி எழுதுகிறேன், தோற்றேன்.

ராஜாவுக்கு நான் எழுதிய வரியை அடித்துவிட்டேன். இப்போது அவர் அங்கே ஒன்றும் பேசுவதில்லை. சும்மா அவளைப் பார்க்கிறார். அதுவே போதுமாக இருக்கிறது.

நேற்று உன் அப்பா போன் செய்தார். "மாப்ள, அவ எப்பதான் வீட்டுக்கு வருவா? ஒரு முடிவு சொல்லுங்க" என்றார். வழக்கமாக நான் என்ன சொல்வேன் என்று உனக்குத் தெரியும். "இந்த மாசக் கடைசில வந்துடுவா மாமா" என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, "எனக்குத் தெரியாது மாமா, அவகிட்டதான் கேக்கணும்" என்றேன். எனக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனை வைத்தார்.

அதனால் கேட்கிறேன். வீட்டுக்கு வருகிறாயா? நீ இல்லாமல் இந்த வீடு நன்றாக இல்லை. எனக்கு நீ வேண்டும். இதற்கு மேல் அலங்காரமாக எழுத வரவில்லை.

உன்,
நான்


ஏப்ரல் 16

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அலங்காரம் இல்லாமல் நீங்கள் எழுதிய கடைசிப் பத்தியை மட்டும் அதற்கும் மேல். இதை முன்பே எழுதியிருக்கலாம் அல்லவா? போனை எடுக்க மாட்டேன் என்றது வீம்புக்காக இல்லை. போனில் பேசினால் நீங்கள் என் குரலைத்தான் கேட்பீர்கள், நான் சொல்வதைக் கேட்க மாட்டீர்கள். தாளில் குரல் கிடையாது. வேறு வழியில்லாமல் கேட்டுவிட்டீர்கள்.

எனக்கும் நீங்கள் வேண்டும். கோபம் எல்லாம் வடிந்துவிட்டது. இதில் ஒளிக்க எனக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் நான் அங்கே வரவில்லை. இங்கே எனக்கு வேலை இருக்கிறது. கார்ட்டூன் படங்களுக்கு யார் யார் எந்தக் குரல் கொடுப்பது என்று முடிவு செய்கிறவள் நான். போன வாரம் ஒரு கரடிக்கும் இரண்டு அணில்களுக்கும் ஆள் பிடித்தேன். கரடிக்கு வந்தவர் ஒல்லிப்பிச்சான், ஆனால் தொண்டையைத் திறந்தால் அறையே அதிர்கிறது. இந்த வேலையில் நான் கெட்டிக்காரி. அதை விட்டுவிட்டு, உங்கள் முதலாளி அடுத்த படம் கொண்டுவருவாரா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்க என்னால் முடியாது. சுகன்யா காட்டுக்குப் போனாள், அது அவள் எடுத்த முடிவு. இது என் முடிவு.

ஆகவே நீங்கள் வாருங்கள். உங்கள் வேலைக்குப் பேப்பரும் படமும் இருந்தால் போதும், எந்த ஊரிலும் எழுதலாம். இங்கே ஒரு அறை, ஒரு சமையலறை, ஒரு மேஜை. ஜன்னல் பக்கத்து நாற்காலி எனக்கு. விருப்பமானால் வாருங்கள், பயந்தால் வேண்டாம். கட்டாயம் இல்லை.

ஒரு எச்சரிக்கை. கீழே வீட்டுக்காரம்மா இருக்கிறார். ஒரு ஈ மாடி ஏறினாலும் யார் வீட்டு ஈ என்று கேட்கிற ரகம். தனியாக இருக்கிறேன் என்று சொல்லித்தான் இந்த இடத்தைப் பிடித்தேன். புருஷன் உண்டா, இல்லையா என்று அவர் தினமும் சுற்றி வளைத்துக் கேட்கிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

உங்கள்,
நான்


ஏப்ரல் 20

அன்புள்ளவளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். துணி ஒரு பை, வசனத் தாள்கள் ஒரு பை. வீட்டுச் சாவியை வாத்தியாரிடம் கொடுத்துவிட்டேன். ஒழுகுகிற குழாயையும் அவர் பொறுப்பில் விட்டுவிட்டேன், அவருக்கும் பொழுது போக வேண்டுமே.

ஸ்டேஷனுக்கு வராதே. விலாசம் இருக்கிறது, நானே விசாரித்து வந்துவிடுவேன்.

வீட்டுக்காரம்மா மாடிப்படியில் மறித்து நான் யார் என்று கேட்பார். நான் பையை வைத்துவிட்டுச் சும்மா நிற்பேன். நீ இறங்கி வந்து சொல்.