திருகை இறுக்கிய கை

என் அன்பு வரதா,

நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. உன்னிடம் கேட்க வேண்டிய ஒன்றை ஊரறியக் கேட்கிறேன். தனியாகக் கேட்டால் நானே மழுப்பிவிடுவேன்.

போன வாரம் நம் கல்லூரி நூலகத்தில் ஒரு வெளிநாட்டு ஆய்விதழைப் புரட்டினேன். ஈயம் கலக்காத பீங்கான், அதில் வேறொரு தனிமம் சிறிதளவு. மின்புலம் கொடுத்ததும் யாரும் எதிர்பாராத அளவுக்கு நீள்கிறதாம். புலத்தை எடுத்ததும் பழைய அளவுக்கே திரும்பிவிடுகிறதாம். வளைகோட்டுப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பல வருடங்களுக்கு முன், ஆய்வகத்தில் ஒரு மழைக்கால மத்தியானம் நாம் பார்த்தது இதுதானா?

நீ நியோபியம் என்ற தனிமத்தைக் கலந்து சுட்ட பீங்கான் வில்லை அது. சட்டைப் பொத்தான் அளவு. எண்ணெயில் அமிழ்த்தி மின்னழுத்தத்தை ஏற்றினோம். அளவுமானியின் முள் வழக்கத்தைவிடப் பல மடங்கு நகர்ந்தது. வில்லையைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்திருக்கிறது என்றேன்.

"திருகு ஆடலை அத்திம்பேர். வில்லைதான் நீள்றது."

"எதுக்கும் இன்னொரு தடவை பார்த்துடலாம்."

"உங்களுக்குப் பெருமாளே நேர்ல வந்தாலும் மூணு தடவை அளந்துட்டுதான் சேவிப்பேள்!"

நீ சிரித்தாய். நான் திருகை இறுக்கினேன். மூன்று முறை அளந்தோம். முள் கொஞ்சம்தான் நகர்ந்தது. நம் கட்டுரையில் முதல் அளவீட்டைச் சேர்க்கக் கூடாது என்றேன். "உங்க பேர்தானே முதல்ல இருக்கு, உங்க இஷ்டம்" என்றாய். அதற்குப் பிறகு அந்த வில்லையைப் பற்றி நீ பேசியதே இல்லை.

இப்போது என்னைக் குழப்புவது இதுதான். அவ்வளவு இறுக்கிப் பிடித்தால் எந்த வில்லைதான் நீளும்? பிழையைத் தவிர்க்க நான் செய்த காரியமே அதை அமுக்கிவிட்டதா? அல்லது திருகு உண்மையிலேயே தளர்ந்திருந்ததா? காலையில் நீ சொன்னது சரி என்று தோன்றுகிறது; சாப்பிட்டு எழுந்தால் நான் சொன்னது சரி. பழைய அளவுக்கே திரும்பிவிடும் பொருளில் தடயம் எங்கே தேடுவது?

ஜானகியிடம் சொன்னேன். "என் தம்பி சொல்லி நீங்க என்னிக்குக் கேட்டேள்?" என்றாள். உள்ளே போய், நீ நாமம் இட்டுக்கொள்ளும் ஸ்ரீசூர்ண டப்பாவைக் கொண்டுவந்து வைத்தாள். அதற்குள் பட்டுநூல் கழிவில் சுற்றி, அந்த வில்லை. மின்னிணைப்புக்காக நாம் பூசிய வெள்ளி ஓரத்தில் கறுத்திருக்கிறது. நீ இதைப் பத்திரப்படுத்தியது எனக்குத் தெரியாது, வரதா. ஏன் என்னோடு சண்டை போடவில்லை?

அது நீண்டால், உன்னைத் தடுத்தவன் நான். நீளாவிட்டால்? வில்லை பழசாகிவிட்டது என்பேனா, உன் கண் தவறியது என்பேனா? இரண்டுக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் திங்கட்கிழமை ஆய்வகத்துக்கு எடுத்துப் போகிறேன். எந்த அளவு வந்தாலும், நான் ஒதுக்கிய அந்த முதல் அளவீட்டையும் சேர்த்து, உன் பெயரை முதலில் போட்டு எழுதுவேன். வில்லையை அங்கிருப்பவர்கள் பொருத்தட்டும். திருகை நான் தொடமாட்டேன்.

சின்ன காஞ்சிபுரத்திலிருந்து,
உன் அக்காவைக் கைப்பிடித்த
அத்திம்பேர்