கறண்ட் நின்ற மூன்றாம் இரவு

மச்சாள்,

நேற்று அலுமாரியின் அடித்தட்டைத் துப்புரவாக்கப் போன இடத்தில் அம்மாவின் பாக்குவெட்டி கையில் அகப்பட்டது. துருப்பிடித்து, வாய் திறக்கமாட்டேன் என்கிறது. கையைக் கழுவிய பிறகும் இரும்பு மணம் போகவில்லை. இந்த வீட்டில் வெற்றிலை போடும் ஆட்கள் இல்லாமல் போய் எத்தனையோ காலம். ஆனாலும் அதை எறிய மனம் வரவில்லை. அது பாக்கு வெட்டியதை விட உங்களோடு பாட்டுக் கேட்கப் போனதுதான் எனக்கு ஞாபகம்.

எழுபதுகளின் நடுப்பகுதி. மாதா கோவில் கட்டட நிதிக்காகப் பங்கு ஆட்கள் கடற்கரை மைதானத்தில் கானிவேல் போட்டார்கள். மூன்று இரவும் கொழும்பிலிருந்து உங்களுக்குப் பிடித்த அந்தப் பொப் பாட்டுக் கோஷ்டி வருகிறது என்று லவுட்ஸ்பீக்கர் கட்டிய கார் ஒன்று லிங்கநகர் ஒழுங்கையெல்லாம் கத்திக்கொண்டு போனது. நீங்கள் அகப்பையோடு குசினியிலிருந்து வாசலுக்கு ஓடினீர்கள். ஏழு மாத வயிறு. ஓடாதையுங்கோ மச்சாள் என்று நான் பின்னால் கத்தினேன். அண்ணாவைக் கட்டி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே, அவர்களுடைய பாட்டு ரேடியோவில் வந்தால் நீங்கள் அடுப்பை மறந்துவிடுவீர்கள். அடிப்பிடித்த கறியைத் தின்று தின்று அண்ணாவுக்கும் அந்தப் பாட்டுகள் பாடமாகியிருந்தன.

அம்மா ஒரேயடியாக ஏலாது என்றார். உங்கள் முதல் இரண்டு பிள்ளைகளும் வயிற்றில் தங்கவில்லை. அதனால் வீட்டில் எல்லோரும் மெல்லக் கதைத்து, மெல்ல நடந்து, உங்களைக் கண்ணாடிச் சாமான் மாதிரி வைத்திருந்தோம். பொழுதுபட்ட பிறகு பிள்ளைத்தாச்சி வெளியே போவதா? ஆனால் சுவாமியார் பூசையில் எல்லோரும் குடும்பமாக வரவேண்டும் என்று சொல்லிவிட்டார். சுவாமியாரின் சொல்லைத் தட்டவும் அம்மாவுக்கு ஏலாது, பேய்க்குப் பயப்படாமல் இருக்கவும் ஏலாது. கடைசியில் உங்கள் ஒரு கையில் செபமாலை, மற்றக் கையில் பாக்குவெட்டி. இரும்பு கையில் இருந்தால் ஒன்றும் அண்டாதாம். அண்ணாவுக்குச் சீனன்குடா எண்ணெய்த் தாங்கியில் இரவு வேலை. அதனால் காவலுக்கு நான்.

முதல் இரவு, டிரம்ஸ்காரன் அடிக்கத் தொடங்கியதும் என் கையைப் பிடித்து உங்கள் வயிற்றில் வைத்தீர்கள். பிள்ளை உதைத்தது. அடிக்கு அடி உதைத்தது என்றால் பொய். ஆனால் டிரம்ஸ் உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் உதைத்தது.

"இது என்ர பிள்ளைதான். தகப்பனுக்குத் தாளம் தெரியாது" என்றீர்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சத்தம் கூடிப் பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடுமோ, சனம் தள்ளி விழுத்திவிடுமோ என்றுதான் என் யோசனை. இரண்டாம் இரவும் அப்படித்தான். நீங்கள் பெல்பொட்டம் போட்ட பாட்டுக்காரனைப் பார்த்தீர்கள், நான் உங்கள் காலடியில் கிடந்த வயர்களைப் பார்த்தேன். அவன் என்ன உடுப்பில் என்ன ஆட்டம் ஆடினான் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

மூன்றாம் நாள் பின்னேரம் கிணற்றடியில் வைத்து எனக்கு மட்டும் சொன்னீர்கள்.

"விடியத்தில இருந்து பிள்ளை அசையேல்ல."

அம்மாவைக் கூப்பிடுகிறேன், ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். என் வாயைப் பொத்தினீர்கள். அம்மாவுக்குத் தெரிந்தால் அழத் தொடங்கிவிடுவார், அந்த அழுகையை இன்னொருதரம் கேட்க உங்களால் ஏலாது என்றீர்கள். "முதல்ல அந்த டிரம்ஸைக் கேட்கட்டும். அதுக்கும் அசையாட்டில் அப்பிடியே ஆஸ்பத்திரிக்குப் போவம்." ஆஸ்பத்திரி மைதானத்துக்குக் கிட்டத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சேலை உடுத்தினேன். கொய்யக மடிப்பு சரிவரவே இல்லை, அப்படியே அள்ளிச் செருகிக்கொண்டு வந்தேன்.

அன்றைக்கு நாங்கள் கதிரையில் இருக்கவில்லை. மேடையோரம் ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் போய் நின்றோம். ஒழுங்கு பார்த்தவர் தடுக்க வந்தார். உங்கள் வயிற்றையும் கையிலிருந்த பாக்குவெட்டியையும் பார்த்துவிட்டு விலகினார். என் உள்ளங்கை உங்கள் வயிற்றில். முதல் பாட்டு முடிந்தது. ஒன்றுமில்லை. அடுத்தது சனமெல்லாம் எழும்பி ஆடிய பாட்டு. அதற்கும் ஒன்றுமில்லை. பிறகு டிரம்ஸ்காரன் தனியாக அடித்தான். பெட்டியின் அதிர்வு என் எலும்பு வரைக்கும் ஏறியது. அதற்குள் பிள்ளையின் அசைவு எது என்று தேடித் தேடி எனக்கு அழுகை வந்துவிட்டது. உங்கள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. போவோம் மச்சாள் என்றேன். இன்னும் ஒரு பாட்டு என்றீர்கள். பாக்குவெட்டி பிடித்த கையால் என் தோளை இறுக்கினீர்கள், இரும்பு குத்தியது. அவர்கள் தொடங்கியது உங்களுக்குப் பிடித்த பாட்டு.

அந்தப் பாட்டு பாதியில் இருக்கும்போது கறண்ட் போனது. கிற்றார், குரல், விளக்கு எல்லாம் ஒன்றாக நின்றன. இருட்டில் டிரம்ஸ்காரனும் கையை நிறுத்திவிட்டான். சனம் ஒரு கணம் வாயடைத்துப்போக, கடல் இரைவது மட்டும் கேட்டது. அப்போதுதான் என் கைக்கு அடியில் உதைத்தது. ஒன்று. பிறகு இன்னொன்று, இன்னும் பலமாக.

"பாட்டை நிப்பாட்டினது பிடிக்கேல்ல. கோவம் வந்திட்டுது" என்று என் காதுக்குள் சொல்லிவிட்டு விம்மி விம்மி அழுதீர்கள்.

கறண்ட் திரும்பி வர முதலே நான் உங்களை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். வார்டில் நின்ற மிஸி குழலை வயிற்றில் வைத்துக் கேட்டுவிட்டு, துடிப்பு நல்லாய் இருக்கிறது, இந்தப் பாக்குவெட்டி என்னத்துக்கு என்று ஏசினார். நீங்கள் அழுகையோடே சிரித்தீர்கள்.

அந்தக் கோபக்காரனுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. உங்கள் கடைசி நாட்களில் நீங்கள் கண் திறக்காமல் கிடந்தபோது, அந்தக் கோஷ்டியின் பாட்டுகளை எங்கிருந்தோ தேடி எடுத்து, போனில் போட்டு உங்கள் தலைமாட்டில் வைத்தவன் அவன்தான். ஒரு பாட்டுக்கும் நீங்கள் அசையவில்லை. அவன் தேத்தண்ணி வாங்க வெளியே போன நேரம் உங்களுக்குப் பிடித்த அந்தப் பாட்டு வந்தது. நான் உங்கள் கையை என் உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு, பாட்டைப் பாதியில் நிறுத்தினேன். கோபம் வரும், இப்போது வரும் என்று அவன் திரும்பி வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்றைக்கும் எங்கேயாவது ஒரு பாட்டு நடுவில் நின்றால் என் உள்ளங்கை தானாக விரிகிறது, மச்சாள்.